கட்டுமான முன்மொழிவு: மாணவர்களைச் சுவரிலிருந்து தொடங்க வையுங்கள்

கட்டுமானத் திட்ட முன்மொழிவு எழுதச் சொன்னால் மாணவர்கள் முதலில் அழகான முகப்புப் படம் வரைவார்கள். அதைத் தள்ளி வைத்து, ஒரே ஒரு சுவரைக் கொடுங்கள்: நீளம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர், தடிமன் 200 மி.மீ., நடுவில் 1 × 2.1 மீட்டர் கதவுத் திறப்பு.

இதற்கு எத்தனை செங்கல் வேண்டும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். சுவர் மொத்தம் 3.6 கன மீட்டர். திறப்புக்கு 0.42 கழித்தால் 3.18. சாந்தோடு சேர்த்து 200 × 100 × 100 மி.மீ. வரும் செங்கல் என்றால் கன மீட்டருக்கு 500. ஆக 1,590 கல். சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 1,670. திறப்பைக் கழிக்க மறப்பதும், சேதாரத்தை இரண்டு இடத்தில் சேர்ப்பதும்தான் அதிகம் நடக்கும் தவறுகள். அதனால் நீளம், அகலம், உயரம், அளவு என்று அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் எழுத வையுங்கள். பிழை கண்ணில் படும்.

கால அட்டவணையில் கான்கிரீட் நீராற்றும் நாட்கள், அதாவது அதை ஈரமாக வைத்து இறுக விடும் நாட்கள், காணாமல் போகும். சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் தனி வரியாக இருக்கட்டும். கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கும் நாளும் அப்படியே.

செலவுத் தாளில் எதிர்பாராச் செலவைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். விலைக்குள் ஒளித்து வைத்தால் கேள்வி வரும்போது பதில் இருக்காது.

விளக்க உரைக்கு 10 நிமிடம் போதும். முதல் நிமிடத்திலேயே என்ன கட்டுகிறோம், எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். கேட்பவராக ஒரு மாணவரையே உட்கார வைத்து, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.