ஒரு படகு, இரண்டு பேர்: கணவனும் மனைவியும் சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்வது எப்படி?

கணவனும் மனைவியும் பாய்மரப் படகு கற்கப் போனால் முதல் நாளே யார் எங்கே என்பது முடிவாகிவிடுகிறது. அவர் சுக்கான் பக்கம் உட்கார்ந்துகொள்வார். அவள் முன்னால் உட்கார்ந்து, சொன்னபோது சொன்ன கயிற்றை இழுப்பாள். ஆறு மாதம் போனால் அவர் படகோட்டி, அவள் கூட வருபவள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்பாள். இப்படிப் பாதியில் நின்ற ஜோடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பயிற்சியாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ரெண்டு பேர்ல யார் தண்ணியில விழுந்தாலும் மத்தவங்க தனியா படகைத் திருப்பிட்டு வந்து தூக்கணும். அது வந்தாதான் ரெண்டு பேரும் கத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்." கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடத்தை நோக்கித்தான் போகின்றன.

படி 1: கற்றுக்கொடுக்கிறவர் மூன்றாம் ஆளாக இருக்கட்டும்

ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் மற்றவருக்கு அவர் குருவாக வேண்டாம். பயிற்சி தரும் கிளப்பில் இருவருமே சேருங்கள். சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. அலைதடுப்புச் சுவருக்கு உட்பட்ட தண்ணீர் புதியவர்களுக்குப் பெரிய வசதி. முதல் சில நாள் இருவரும் வேறு வேறு படகில் ஏறினால் இன்னும் நல்லது.

இருவருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடாமல் படகில் கால் வைக்கக் கூடாது. ஜிப்பைப் போட்டபின் ஒருவர் தோள்பட்டியை மற்றவர் மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது தளர்வு. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், கயிறு ஓடும்போது விரலோடு இழுக்கும். தாலிச் சரடு, சங்கிலி எல்லாம் உடம்போடு ஒட்டிய பனியனுக்குள். துப்பட்டா வேண்டாம். நீள முடியைக் கொண்டையாகப் போட்டுத் தொப்பிக்குள் அடக்குங்கள். கப்பியில் முடி சிக்கினால் வலி உயிர் போகும்.

படி 2: வீட்டுக் கூடத்தில் ஒரு படகு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது இந்த ஒரு வாரப் பயிற்சிதான்.

கூடத்தின் ஒரு கோடியில் டேபிள் ஃபேனை வையுங்கள். அதுதான் காற்று. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு காதிலும் ஒரே அளவு இரைச்சல் கேட்கிற இடத்தில் நின்றால் நேர் எதிர்க்காற்றில் நிற்கிறீர்கள். அந்தத் திசைக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரி வரை எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போக முடியாது. பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் ஒருமுறை இடச்சாய்வு, ஒருமுறை வலச்சாய்வு என்று வளைந்து வளைந்துதான் போக வேண்டும். இப்படி அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புவதுதான் டாக்கிங். அணியம் என்பது படகின் முன்பகுதிக்கு நம் மீனவர் சொல், பின்பகுதி அமரம். நல்ல சொற்கள், பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு முக்காலி போடுங்கள். பின்னால் உட்காருபவர் கையில் ஒரு விளக்குமாற்றுக் கட்டை, அதுதான் டில்லர், அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடி. அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கைக்கு இது முதலில் ஏறாது. உட்கார்ந்த இடத்திலேயே ஐம்பது தடவை தள்ளிப் பழகினால் கையே யோசிக்கத் தொடங்கும். முன்னால் இருப்பவர் முன்பாயின் கயிற்றை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுப்பதைப் பழக வேண்டும். பாயை இழுத்துப் பிடிக்கும் இந்தக் கயிற்றை ஷீட் என்பார்கள், பழைய மாலுமிகள் வாயில் அது தாமான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முக்காலி மாறுங்கள்.

படி 3: படகுக்கென்று ஒரு பேச்சு

நான் வீட்டில் கணவரை "ஏங்க, கொஞ்சம் அந்தக் கயித்தை விடுங்களேன்" என்றுதான் சொல்வேன். தண்ணீரில் முதல் நாள் அப்படியே சொன்னேன். வாக்கியம் முடிவதற்குள் படகு சாய்ந்து முழங்கால் வரை தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அன்றிரவு உட்கார்ந்து சொற்களைக் குறைத்தோம்: "இழு", "விடு", "குனி", "பிடி". படகில் ஏறியபின் "ங்க" கிடையாது. கரையில் இறங்கியதும் பழையபடி. முதலில் அவரைப் பார்த்து "விடு" என்று சொல்ல நாக்கு எழவில்லை. மூன்றாம் வாரம் சரியாகிவிட்டது.

"வலது", "இடது" வேண்டாம். காற்று குறைவாக இருக்கும்போது இருவரும் எதிரெதிரே உட்கார நேரும், என் வலது உங்கள் இடதாகிவிடும். "காத்துப் பக்கம்", "பாய்ப் பக்கம்" என்று சொன்னால் குழப்பமே இல்லை. திரும்பும் முன் சுக்கான் பிடித்தவர் "தயாரா?" என்று கேட்க வேண்டும். முன்னால் இருப்பவர் "தயார்" என்று சொல்லும் வரை டில்லர் நகரக் கூடாது.

காற்றில் சத்தமாகத்தான் பேச வேண்டியிருக்கும். அந்தச் சத்தம் கோபம் இல்லை என்று கரையிலேயே இருவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். இதைச் செய்யாததால் வந்த மனத்தாங்கல்கள் கொஞ்சநஞ்சமல்ல.

படி 4: முதல் ஓட்டம்

6 முதல் 10 நாட் காற்று உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். 10 நாட் என்பது மணிக்கு 18.5 கிலோமீட்டர். கடல் முழுக்க வெள்ளை நுரை தெரிந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் ஜனவரி முதல் மார்ச் வரை புதியவர்களுக்கு ஏற்ற காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், அப்போது தொடங்காதீர்கள்.

இரண்டு மிதவைகளுக்கு நடுவே பக்கக்காற்றில் போய்த் திரும்புவது மட்டும் போதும். பாயைப் படபடக்கும் வரை விடுங்கள், படபடப்பு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் வேகம் கூடாது, சாய்வுதான் கூடும். பயம் வந்தால் ஷீட்டை விட்டுவிடுங்கள். படகு நிமிர்ந்து நின்றுவிடும். இதைக் கை நம்பிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

காற்றை முதுகில் வைத்துத் திரும்பும் ஜைபிங்கில் மட்டும், மெயின் என்ற பெரிய பாயின் அடியில் படுக்கையாக இருக்கும் பூம் கட்டை ஒரே வீச்சில் மறுபக்கம் வரும். "குனி" என்ற சொல் அதற்காகத்தான்.

படி 5: வேண்டுமென்றே கவிழுங்கள்

பயிற்சியாளரின் மோட்டார் படகு பக்கத்தில் இருக்கும்போது படகைக் கவிழ்த்து நிமிர்த்தப் பழக வேண்டும். விழுந்ததும் முதலில் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிடுங்கள். பதில் வந்தபின்தான் மற்றதெல்லாம். படகை விட்டுக் கரைக்கு நீந்தவே கூடாது.

சுக்கான் பிடித்தவர் மெயின் பாயின் கயிற்று நுனியைக் கையில் பிடித்தபடி அமரத்தைச் சுற்றி நீந்தி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சென்டர்போர்டுக்குப் போக வேண்டும். மற்றவர் முன்பாயின் ஷீட்டைப் படகின் மேலாக அவருக்கு வீசிவிட்டு, படகின் உட்பக்கத்தில் கால்பட்டியை (வெளியே சாயும்போது பாதத்தை மாட்டிக்கொள்ளும் பட்டை) பிடித்து மிதக்க வேண்டும். பலகைமேல் நிற்பவர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பாய் மெல்லத் தண்ணீரை விட்டு எழும். உள்ளே மிதந்தவரைப் படகே அள்ளிக்கொண்டு நிமிரும். பிறகு அவர் மற்றவரை உள்ளே இழுக்கலாம். மறுமுறை இடம் மாறிச் செய்யுங்கள். எடை குறைந்தவர் பலகையின் ஓரத்துக்குப் போய் நின்றால் படகு கேட்கும். 50 கிலோ இருக்கும் என்னால் முடிந்தது.

படி 6: தனியாக ஓட்டி, தூக்கி வாருங்கள்

ஐந்து லிட்டர் கேனில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி மூடுங்கள். எதிர்பாராத நேரத்தில் ஒருவர் அதைத் தண்ணீரில் எறிந்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொள்ள வேண்டும். மற்றவர் ஒருவராகவே எடுத்து வர வேண்டும்.

முன்பாயை விட்டுவிடுங்கள், அது படபடக்கட்டும். பக்கக்காற்றில் பத்துப் படகு நீளம் போய், டாக் செய்து திரும்புங்கள். ஜைபிங் வேண்டாம். கேனுக்குச் சற்றுக் கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகும் பக்கம் வந்து, அங்கிருந்து காற்றை நோக்கி ஏறி, பாயை முழுக்க விட்டால் படகு நிற்கும். கேன் உங்கள் காற்றுப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணை அதிலிருந்து எடுக்கவே கூடாது. பத்துக்கு எட்டு முறை கேன் கிடைத்தபின், பயிற்சியாளர் துணையோடு ஆளே குதித்துப் பாருங்கள்.

என் கணவர் முதன்முறை குதித்தபோது அவர் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரிந்தது. மூன்று முறை தவறவிட்டேன். நான்காம் முறை அவர் தோள்பட்டியைப் பிடித்ததும் இருவருமே சிறிது நேரம் பேசவில்லை. அன்றுதான் அந்தப் படகு என்னுடையதாகவும் ஆனது.

படி 7: இடம் மாறுங்கள், தொடர்ந்து மாறுங்கள்

ஒவ்வொரு முறையும் போகும்போது ஒருவர் சுக்கான், வரும்போது மற்றவர். 470 என்ற 4.70 மீட்டர் இருவர் படகில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே போட்டியிட வேண்டும் என்று ஆனது. தங்கம் வென்ற ஆஸ்திரிய ஜோடியில் சுக்கான் பிடித்தவர் லாரா ஃபாட்லாவ், முன்னால் இருந்தவர் லூகாஸ் மேர். சுக்கான் ஆணுக்கு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நீண்ட பயண ஆசை வந்தால் லின், லாரி பார்டி தம்பதியைப் பற்றித் தேடிப் படியுங்கள். சுமார் 24 அடி நீளமுள்ள, எஞ்சினே இல்லாத செராஃபின் படகில் உலகைச் சுற்றியவர்கள். இந்தியக் கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். இருவர் மட்டும் உள்ள படகில் ஒருவர் தூங்கும்போது மற்றவர்தான் முழுப் படகும். கேனை எடுத்து வரும் பயிற்சியும் அதற்கான தொடக்கம்தான்.

படி 8: கரைக்கு வந்தபின்

படகு, கயிறு, கப்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈரப் பாயைச் சுருட்டி வைக்காதீர்கள், கரும்புள்ளி பிடிக்கும். நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, காற்று, யார் எவ்வளவு நேரம் சுக்கான் பிடித்தார் என்று எழுதுகிறோம். யார் நேரம் குறைவாக இருக்கிறதோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் படகைக் கரையிலிருந்து எடுப்பார்.