கீபோர்டுக்குள் போர்டு வளைகிறதா? முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள்

60 சதவீத (எண் பகுதி, அம்புக்குறி கீகள் இல்லாத சின்ன அளவு) மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பலவும் ட்ரே மவுண்ட் வகை. சர்க்யூட் போர்டு, கேஸின் (வெளிக்கூட்டின்) அடியில் இருக்கும் ஐந்தாறு திருகு மேடைகளில் மட்டும் உட்கார்ந்திருக்கும். மற்ற இடமெல்லாம் அந்தரம். திருகுக்குப் பக்கத்து கீ கல்லில் தட்டியதுபோல் விறைப்பாகவும், தள்ளியிருக்கும் கீ அமுங்கியும் விழுவது இதனால்தான்.

இதற்கு மருந்து, அடியில் ஈவிஏ ஃபோம் ஷீட் (மெத்தென்ற பஞ்சுபோன்ற தாள்). ஆனால் கைக்குக் கிடைத்த தடிமனில் வாங்கித் திணிக்காதீர்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி, பாலிதீனில் சுற்றி, கேஸின் நடுவில் வையுங்கள். போர்டைத் திருகி மூடி, மறுபடி திறந்தால் நசுங்கிய களிமண்ணின் உயரமே போர்டுக்கும் கேஸின் அடிக்கும் உள்ள இடைவெளி. அதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலான ஃபோம் போதும். மிஞ்சினால் போர்டு மேல்நோக்கி வளையும், அது இன்னும் மோசம். யுஎஸ்பி முனை, திருகு மேடைகள் வரும் இடங்களை வெட்டிவிடுங்கள்.

ஐசி சிப்கள் குத்தி வரும் கறுப்பு ஃபோமை மட்டும் வேண்டவே வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், ஷார்ட் ஆகிவிடும்.

ஹாட்ஸ்வாப் போர்டு (ஸ்விட்சைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகிக் கழற்றும் வகை) என்றால் இன்னொன்று: கீக்கு அடியில் வரும் ஸ்விட்சை அழுத்திச் செருகும்போது போர்டை வெளியே எடுத்து, சாக்கெட்டின் பின்பக்கம் விரலால் தாங்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் சாக்கெட் பற்றவைப்போடு பெயர்ந்து வரும்.