சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி (தரம் 3, 4)

இலங்கையின் மட்டக்களப்பில், படுவான்கரைப் பக்கம் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். போன வருசம் என் வகுப்பில் ஒரு பிள்ளையை இடைவேளைக்கு இடைவேளை பட்டப்பெயர் சொல்லி அழவைத்தார்கள். சொன்னது இரண்டு பேர், சுற்றி நின்று சிரித்தது பதினொரு பேர். இந்தப் பயிற்சி அந்தப் பதினொரு பேருக்கும் உரியது. கனடாவில் பள்ளி முற்றங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சக பிள்ளை தலையிட்ட தடவைகளில் பாதிக்கு மேல் பத்து வினாடிக்குள் வதை நின்றுவிட்டது.

படி 1: பள்ளிக்கூடத்தை வரையச் சொல்லுங்கள். பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி. பெயர் எதுவும் எழுதக்கூடாது. எங்களுக்குத் தண்ணீர்க் குழாயடியும் கழிப்பறைப் பின்பக்கமும் சிவந்தன. நான் இடைவேளையில் நிற்பதோ அலுவலக வாசலில். அன்றே இடம் மாறினேன்.

படி 2: பகிடியா, வதையா? இரண்டு பேரும் சிரித்தால் பகிடி. ஒருவர் மட்டும் அழுகிறார், நிறுத்தச் சொல்லியும் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் வதை. ஆமை, குரங்குக் கதை சொல்லி விளக்குங்கள், வகுப்புப் பிள்ளையை உதாரணம் காட்ட வேண்டாம்.

படி 3: இதற்குத்தான் நேரம் வேண்டும். மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம். “நிறுத்து!” என்று கத்தும் துணிவு எல்லாப் பிள்ளைக்கும் வராது, அதைக் கேட்கவும் கூடாது. அடிதடிக்குள் பிள்ளை போகவே கூடாது. சின்ன வேலைகளைக் கொடுங்கள். ஒருவர் சிரிக்காமல் விலகுவார். ஒருவர் அழும் பிள்ளையிடம் போய், “வா, நம்மட பக்கம் விளையாடுவம்” என்று கூட்டிவருவார். ஒருவர் டீச்சரிடம் ஓடுவார். நடித்துப் பழகும்போது வதைப்பவராக நீங்களே நில்லுங்கள். அந்த வேடத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொள்ளும். பாதிக்கப்பட்ட பிள்ளையை அழும் பாத்திரத்தில் நிறுத்துவது இன்னும் கொடுமை.

படி 4: “கோள் சொல்லாத” என்ற பேச்சு பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்வதுதான் கோள், அழுகிறவருக்காகச் சொல்வது உதவி கேட்பது என்று பிரித்துக் காட்டுங்கள். மறுகா, சொல்ல வந்த பிள்ளையைக் கேளுங்கள். “போய் இருங்க, பிறகு பார்ப்பம்” என்று நான் ஒருமுறை அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பல வாரம் என்னிடம் வரவில்லை.

வதைத்தவரையும் வதைபட்டவரையும் வகுப்பு முன்னால் கைகுலுக்க வைக்காதீர்கள். தனித்தனியே பேசுங்கள். பெரியவர்களால் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். அந்த எண்ணைச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.

படி 5: ஒரு மாதம் கழித்து அதே படத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள். எங்கள் படத்தில் குழாயடியில் சிவப்பு குறைந்திருந்தது, கழிப்பறைப் பின்பக்கம் குறையவில்லை. இப்போது இடைவேளைக்கு அங்கே ஒரு ஆசிரியர் நிற்கிறார்.