பேங்க் ஏலத்துல வீடு கேக்கும்போது பதறாம இருக்க

லோன் கட்ட முடியாம பேங்க் கைக்குப் போன வீட்ட ஏலத்துல எடுக்கலாம்னு இருக்கீங்களா, முதல்ல இத மனசுல வெச்சுக்கங்க, ஏலம் ஓடற நேரம் யோசிக்கற நேரம் கிடையாது, யோசிக்க வேண்டியதெல்லாம் முந்தின வாரமே யோசிச்சு முடிச்சிடணும்.

ஏன்னா பணக் கணக்கு அவ்ளோ கறாரு. கடன் கட்டலன்னா அடமானம் வெச்ச சொத்த கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் விக்கலாம்னு 2002ல வந்த சர்ஃபேசி சட்டப்படி நடக்கற ஏலம் இது. ரிசர்வ் விலை, அதாவது இதுக்குக் கீழ விக்க மாட்டோம்னு பேங்க் வெக்கற விலை, 40 லட்சம்னா பொதுவா 10 சதவீதம், அதாவது 4 லட்சம், முன்கூட்டியே டெபாசிட் கட்டணும். 46 லட்சத்துக்கு உங்களுக்கே விழுந்துடுச்சுன்னு வைங்க, அன்னிக்கே இல்லாட்டி அடுத்த வேலை நாளுக்குள்ள 25 சதவீதம் கட்டணும், பதினொன்றரை லட்சம், டெபாசிட் போக இன்னும் ஏழரை லட்சம். மீதி முப்பத்தி நாலரை லட்சம், விற்பனைய உறுதி பண்ணி 15 நாள்ல. பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா டைம் நீட்டிக்கலாம், ஆனா அத நம்பி இறங்காதீங்க. கட்ட முடியலன்னா அந்த பதினொன்றரை லட்சமும் போச்சு. 2024ல சுப்ரீம் கோர்ட்டும் அந்த 25 சதவீதத்த பேங்க் எடுத்துக்கறது சரின்னு சொல்லிடுச்சு. அதனால ஹோம் லோன நம்பி போறவங்க, எந்த பேங்க் தரும், எத்தன நாள்ல தரும்னு டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க.

அடுத்து, நேர்ல போய் பாருங்க. நோட்டீஸ்ல ‘உள்ளது உள்ளபடி’ன்னு போட்டிருப்பாங்க, பாக்கி வரி, அசோசியேஷன் மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் உங்க தலையில விழலாம். பேங்க் கையில சாவி இருக்கா இல்ல காகிதத்துல மட்டும்தான் சுவாதீனமான்னு கேளுங்க. பால்கனி கொடியில துணி காயுதுன்னா உள்ள ஒரு குடும்பம் இருக்கு, அவங்கள வெளிய அனுப்பறதுக்கு ஆகற மாசங்கள், அந்த மனக்கஷ்டம் எல்லாத்தையும் நீங்க தாங்குவீங்களான்னு வீட்ல உக்காந்து பேசுங்க. வில்லங்கம் போட்டுப் பாருங்க, டிஆர்டில (கடன் வசூல் தீர்ப்பாயம்) கேஸ் ஏதாவது ஓடுதான்னு பேங்க் ஆபீசர்கிட்ட எழுத்துல கேளுங்க.

இப்ப உங்க விலை. அதே தெருவுல அதே வயசு ஃபிளாட் நிஜமா எவ்வளவுக்குக் கைமாறிச்சுன்னு விசாரிங்க, வெப்சைட்ல போடற விலைய எடுத்துக்காதீங்க. அதுல பதிவு செலவு, பாக்கிகள், பூட்டிக் கிடந்த வீட்ட சரி பண்ற செலவு, கேஸ்ல பணம் மாட்டினா ஆகற வட்டி எல்லாத்தையும் கழிங்க. மிஞ்சறதுதான் உங்க எல்லை. அத பேப்பர்ல எழுதுங்க.

எங்க மாமா (அக்கா வீட்டுக்காரர்) தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு ஆன்லைன் ஏலத்துல கேட்டப்ப தினசரி காலண்டர் தாளுக்குப் பின்னாடி 44னு எழுதி லேப்டாப் பக்கத்துலயே வெச்சிருந்தாரு. கடைசி 5 நிமிஷத்துல யாராவது ஏத்தினா இன்னும் 5 நிமிஷம் தானா நீளுது, திரும்ப ஒருத்தர் ஏத்தறாரு, திரும்ப நீளுது. ஒவ்வொரு கிளிக்கும் 25 ஆயிரம். 44 லட்சம் பாத்த கண்ணுக்கு 25 ஆயிரம் காசாவே தெரியாது, ஆனா எட்டு கிளிக்னா ரெண்டு லட்சம், சமையல்கட்டயே மாத்திக் கட்டற காசு! எதிர்ல 44 வந்து நின்னுது. மாமா கை மவுஸுக்குப் போச்சு, அக்கா ஒண்ணுமே பேசல, அந்த தாள எடுத்து அவர் கை மேல வெச்சாங்க. அவ்ளோதான். அது 49 தாண்டிப் போனத பாத்துக்கிட்டே காபி குடிச்சோம்.

எதிர்ல இருக்கறவரு யாருன்னு ஸ்க்ரீன்ல தெரியாது. பக்கத்து ஃபிளாட்காரர் ரெண்டையும் சேர்த்துக்கலாம்னு கேக்கலாம், உங்கள மாதிரியே பதட்டத்துல ஏத்தறவராவும் இருக்கலாம். அவர் ஏத்திட்டாருங்கறதுக்காக அந்த வீட்டோட மதிப்பு ஏறிடாது. அதனால மவுஸ உங்கள விட நிதானமானவங்க கையில குடுங்க, வீட்டுக்கு இன்டீரியர் ஐடியா பாக்கறது, பசங்களுக்கு ரூம் பிரிக்கறதெல்லாம் ஏலம் முடியறவரைக்கும் வேண்டாம், மனசுல குடி போயிட்டா எல்லை நிக்காது.

கிடைக்கலன்னா டெபாசிட் திரும்பி வரும், ஃபார்ம்ல போட்ட அக்கவுன்ட் நம்பர மட்டும் ரெண்டு தடவ சரி பாத்துக்கங்க. ஜெயிச்சவர் பணம் கட்டலன்னா அதே வீடு மறுபடி ஏலத்துக்கு வரும், அதனால அந்த நோட்டீஸ் பக்கத்த கொஞ்ச நாள் பாத்துக்கிட்டே இருங்க.