லாக் ஃப்ளீட்டில் குளிர்காலப் பறவைகள்: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், டோர்னாக்குக்கும் கோல்ஸ்பிக்கும் நடுவே கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் இடம் லாக் ஃப்ளீட். வாய் குறுகல், உள்ளே அகலம். கடல் வடிந்தால் பெரும்பகுதி சேறும் மணலுமாகத் தெரியும். குளிர்கால வாத்துகளும் உள்ளான்களும் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) அந்தச் சேற்றை நம்பித்தான் இங்கே தங்குகின்றன.

1. முதலில் ஓத நேரம்

பைனாகுலருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வடியும் நேரப் பட்டியல். கடல் முழுக்க வடிந்திருந்தால் பறவைகள் தூரத்தில் வெறும் புள்ளிகள். முழுக்க ஏறிவிட்டால் உள்ளான்கள் கூட்டமாக ஒதுங்கி, அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கும். நமக்கு வேண்டியது இடைப்பட்ட நேரம். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். இரை தேடும் பறவைகள் கரையை நோக்கி, அதாவது நம் பக்கமாக, நகர்ந்து வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. டிசம்பரில் மாலை மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிடும். எனவே மதியத்தை ஒட்டி ஏற்றம் வரும் நாளே நல்லது.

2. தென்கரையில் நில்லுங்கள்

ஸ்கெல்போ பக்கம் சாலை கரையோரமாகவே போகிறது. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்பதால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், நிறங்கள் தெளிவாகத் தெரியும். ஓரமாக நிறுத்திய காருக்குள்ளிருந்தே பாருங்கள். காரைக் கண்டு பறவைகள் அவ்வளவாக மிரளாது. எழுந்து நிற்கும் ஆளைக் கண்டால் மிரளும். ஒவ்வொரு முறை பறந்தெழும்போதும் குளிரைத் தாங்கச் சேர்த்த கொழுப்பு கரைகிறது. அதனால் படத்துக்காகக் கிட்டே போகாதீர்கள். 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) ஆரம்பத்துக்குப் போதும்.

3. நான்கைந்து பறவைகளோடு தொடங்குங்கள்

கறுப்பு வெள்ளை உடம்பு, நீண்ட ஆரஞ்சு அலகு என்றால் சிப்பி பிடிப்பான். ஆரஞ்சுச் சிவப்புக் கால், பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் வெள்ளை என்றால் பவளக்காலி. கோடியக்கரைக்குப் போனவர்கள் இதை அங்கேயே பார்த்திருக்கலாம். அலகு கீழ்நோக்கி நீளமாக வளைந்திருந்தால் கோட்டான் (ஆந்தை அல்ல, curlew என்னும் கரைப்பறவை). லேசாக மேல்நோக்கி இருந்தால் பட்டைவால் மூக்கன். செம்பழுப்புத் தலையில் வெளிர்மஞ்சள் நாமம் தெரிந்தால் அது ஆண் நாமத்தலை வாத்து.

சிறிய சாம்பல் உள்ளான்களைப் பிரித்தறிவது கடினம். முதல் நாள் அவற்றை விட்டுவிடுங்கள். நிறத்தைவிட, ஒரு பறவை எப்படி மேய்கிறது என்று பார்க்கப் பழகினால் சீக்கிரம் பிடிபடும்.

4. அப்புறம் லிட்டில்ஃபெரி

நேரம் இருந்தால் வடகரையில், வாய்ப்பகுதிக்குப் போங்கள். ஈடர் வாத்துகள் அங்கே நீரில் மூழ்கிச் சிப்பி எடுக்கும். அவை மூழ்கினால் அவசரப்படாமல் அதே இடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருங்கள், மேலே வரும். அங்கே நீரோட்டம் வேகமானது. சேற்றிலோ மணல்திட்டிலோ இறங்கி நடக்க வேண்டாம்.