வேர்தான் உன்னைச் சுமக்கிறது: புறஜாதியார் பற்றி வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதபாட வகுப்புகளில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "யூதர்கள் இயேசுவை ஏற்கவில்லை. அதனால் தேவன் அவர்களைத் தள்ளிவிட்டு நம்மைச் சேர்த்துக்கொண்டார்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது. இயேசு யூதர், பன்னிரண்டு சீஷர்களும் யூதர்கள், பவுல் கடைசிவரை தன்னை இஸ்ரவேலன் என்றே சொன்னவர். அந்த முதல் தலைமுறை கூடி உட்கார்ந்து விவாதித்த கேள்வி, புறஜாதியார் யூதராக மாறாமலேயே உள்ளே வரலாமா என்பதுதான். வந்து சேர்ந்தவர்கள் நாம். வீட்டுக்காரர்களைப் போல வாசிக்கத் தொடங்கும்போதே வழி தவறிவிடுகிறோம்.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். புறஜாதியார் என்றதும் இன்றைய காதில் சாதி என்று விழுகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் ஜாதி என்றால் மக்களினம், தேசம். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்பதும் அந்தப் பொருளில்தான். கிரேக்கத்தில் எத்னே, எபிரெயத்தில் கோயிம். இஸ்ரவேல் அல்லாத மற்ற இனங்கள், அவ்வளவுதான். கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் பிற இனத்தார் என்று வருவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

அடுத்து, யூத மதத்தை இறுக்கிப் பூட்டிய வீடாகவும், கிறிஸ்தவம் வந்துதான் அதைத் திறந்ததாகவும் நினைப்பது. ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்குறுதியிலேயே பூமியின் வம்சங்கள் எல்லாம் இருக்கின்றன. ஏசாயாவில் மற்ற இனங்களுக்கு ஒளி என்ற பேச்சு இருக்கிறது. ஜெப ஆலயங்களில் தேவனுக்குப் பயந்த புறஜாதியார் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். செசரியாவில் இருந்த ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு அப்படிப்பட்டவர். பேதுரு அவர் வீட்டுக்குப் போகும் முன்பே ஜெபமும் தருமமும் செய்துகொண்டிருந்தார். அப்புறம், யோப்பாவில் பேதுரு கண்ட அந்த விரிப்புத் தரிசனம்: வானத்திலிருந்து இறங்கிய விரிப்பில் பலவகை மிருகங்கள் இருக்க, அடித்துச் சாப்பிடு என்ற குரல் கேட்டது. அதை உணவு விஷயமாக மட்டும் பேசிவிட்டுப் போகிறோம். பேதுருவே அதற்குச் சொன்ன விளக்கம் வேறு: எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாது.

முதல் விசுவாசிகளின் தலைவர்கள் எருசலேமில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கி.பி. 49 வாக்கில் நடந்த அந்தக் கூட்டம் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தையே ரத்து செய்தது என்பார்கள். அங்கே கேட்கப்பட்டது புறஜாதி விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் (யூத ஆண்களுக்கு முன்தோல் நீக்கும் சடங்கு) வேண்டுமா என்பதுதான். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபு ஆமோஸ் தீர்க்கதரிசியை எடுத்துக்காட்டி, வேண்டாம் என்று முடித்தார். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்டது, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கச் சொன்னார்கள். யூதர்கள் தங்கள் முறைகளை விடவேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பவுலின் நடத்தையையே பாருங்கள். தன் உடன் ஊழியனும் கிரேக்கனுமான தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்ய அவர் இணங்கவில்லை. இன்னொரு உடன் ஊழியன், தாய் யூதப் பெண்ணாக இருந்த தீமோத்தேயுவுக்கு அவரே செய்துவைத்தார். முரண்பாடு போலத் தெரியும், ஆனால் இரண்டு பேரும் இரண்டு நிலையில் இருந்தவர்கள்.

சிரியாவின் அந்தியோகியாவில் நடந்ததையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். பேதுரு அங்கே புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பவுலின் உடன் ஊழியரான பர்னபாகூட. பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். இதை யூத மதத்துக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்வது தவறு. தனிப்பந்தி போட்டுவிட்டால், எங்களைப் போல ஆனால்தான் உனக்கு இடம் என்று சொல்லாமல் சொல்வதாகிவிடும். பவுலின் கோபம் அதன்மேல்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற எண்ணம். ரோமர் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் இது நிற்காது. பவுல் அங்கே இஸ்ரவேலுக்கு உவமையாக ஒலிவ மரத்தைக் காட்டுகிறார். ஒட்டுமாங்கன்று வைத்தவர்களுக்குத் தெரியும், நல்ல ரகத்தின் கிளையை எடுத்துத்தான் நாட்டுக்கன்றில் ஒட்டுவோம். பவுல் இதைத் தலைகீழாக்குகிறார்: காட்டு ஒலிவக் கிளை, அதாவது புறஜாதியார், நல்ல மரத்தில் ஒட்டப்படுகிறது. இது இயல்புக்கு விரோதமானது என்று அவரே சொல்கிறார். மரம் பழைய மரம்தான், புதிதாக ஒன்று நடப்படவில்லை. சில கிளைகள் முறிந்தன, சரி. ஆனால் அவற்றைத் திரும்ப ஒட்ட தேவனால் முடியும். ஒட்டப்பட்ட கிளைக்கோ, பெருமை பாராட்டாதே, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்ற எச்சரிக்கை.

இது ஏன் ரோமாபுரிக்கு எழுதப்பட்டது என்பதையும் விட்டுவிடக்கூடாது. கி.பி. 49-ஐ ஒட்டி ரோமப் பேரரசன் கிலவுதியு யூதர்களை அந்த நகரத்திலிருந்து வெளியேற்றினான். ஆக்கில்லா என்ற யூதரும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்தது அதனால்தான். 54-இல் அவன் இறந்த பிறகு யூத விசுவாசிகள் திரும்பியபோது, சபைகளில் புறஜாதியாரின் கை ஓங்கியிருந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுமார் 57-இல் எழுதப்பட்ட கடிதத்தில் அந்த எச்சரிக்கை யாருக்கு என்பது இப்போது புரியும்.

அதே கடிதத்தின் முடிவில் பவுல் ஒரு காணிக்கையைப் பற்றிச் சொல்கிறார். கிரேக்கப் பகுதிகளான மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த சபைகள் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணம் அது. யூதர்களின் ஆவிக்குரிய நன்மைகளில் பங்கு பெற்ற புறஜாதியார் அவர்களுக்குக் கடனாளிகள் என்கிறார். பவுல் எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்தபின், யூத முறைப்படி சுத்திகரிப்பு செய்துகொண்டு ஆலயத்துக்குள் நின்றபோதுதான் அவரைப் பிடித்தார்கள். ஆலயத்தில் மூன்று முழ உயரத்தில் ஒரு தடுப்பு இருந்தது. அதைத் தாண்டும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் பொறித்த கல் ஒன்று 1871-இல் கிடைத்து, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியனான துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்கு உள்ளே கூட்டிவந்தார் என்பது பவுல்மேல் வந்த குற்றச்சாட்டு. உண்மையில் குற்றம் சாட்டியவர்கள் துரோப்பீமுவைப் பவுலோடு பார்த்தது நகரத்தில்தான்.