மொறிஸ் மைனர் காரின் வயரிங் கட்டை முழுமையாக மாற்றும் முறை

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர் கார்கள் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரானவை. அவற்றுள் மிக இளையதற்கே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பொனற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் இரண்டு மூன்று தலைமுறை வயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதைக் காணலாம். துளிப் பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய போர்க்கால ஆண்டுகளில், கருகிய வயருக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த எந்த வயரையும் பொருத்தினார்கள். அந்தத் திருத்தங்கள் இல்லாதிருந்தால் இந்தக் கார்களிற் பல எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்பதால், அவற்றைச் செய்த கைகள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், அப்படி ஒட்டுப்போட்ட வயரிங்கை இன்னும் ஒருமுறை ஒட்டுப்போட்டு ஓட்டுவது ஆபத்தானது. டாஷ்போட்டின் பின்னாலுள்ள வயர் ஒன்றை விரல்களுக்கிடையில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை வெடித்து உதிர்ந்தால், அல்லது செம்பு பச்சை பூத்திருந்தால், காரின் வயர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய முழுக் கட்டையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வேலையின் பெரும்பகுதி பழைய கட்டைக் கழற்றுவதற்கு முன்பே நடக்க வேண்டும். நான் முதன்முதலில் ஒரு மைனருக்கு வயரிங் மாற்றியபோது, இலகுவாக வெளியே எடுப்பதற்காகப் பழைய கட்டைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டேன். எந்த முனை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதன்பிறகு இரண்டு வாரங்கள் வீணாயின. ஆகவே முதலில் பற்றரியைக் கழற்றி காருக்கு வெளியே வையுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் கைப்பேசியில் இரண்டு கோணங்களிற் படமெடுத்து, முனையில் துணி நாடாவைச் சுற்றி, அது எதன் எந்த ஆணிக்குரியது என்பதை அழியாத மையால் எழுதுங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்பி எழுதக்கூடாது. இடையில் யாரோ வேறு நிற வயரைச் சேர்த்திருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

அப்படியென்றால் நிறத்துக்குப் பயன் இல்லையா என்று கேட்கலாம். நிறமே இந்த வேலையின் எழுத்து. மைனரின் மின்கருவிகள் லூக்காஸ் நிறுவனத்தினுடையவை. அந்நிறுவனம் பின்பற்றிய நிறமுறையைத் தெரிந்துகொண்டால் வரைபடத்தை ஒவ்வொரு முறையும் புரட்ட வேண்டியதில்லை. கபில நிறம் பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வரும் முதன்மை வயர். வெள்ளை, சாவியைத் திருப்பிய பின்னர் உயிர்பெறுவது. இதற்கும் பியூஸ் இல்லை. அந்த வெள்ளை பியூஸைக் கடந்து வெளிவரும்போது பச்சையாகிறது, கபிலம் பியூஸைக் கடந்தால் ஊதாவாகிறது. முன்விளக்குகளுக்கு நீலம்: காலால் மிதிக்கும் டிப் சுவிச்சுக்கு வெறும் நீலம் வந்து, உயர்வெளிச்சத்துக்கு நீலத்தில் வெள்ளைக்கோடாகவும் தாழ்வெளிச்சத்துக்கு நீலத்தில் சிவப்புக்கோடாகவும் பிரியும். சிறுவிளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் சிவப்பு, பிறேக் விளக்குக்குப் பச்சையில் ஊதாக்கோடு. சமிக்ஞை விளக்குகளில் இடப்பக்கத்துக்குப் பச்சையில் சிவப்புக்கோடும் வலப்பக்கத்துக்குப் பச்சையில் வெள்ளைக்கோடும் வரும். கறுப்பு எப்போதும் எர்த், அதாவது காரின் உடலோடு இணையும் வயர். பற்றரிக்கு மின்னேற்றும் டைனமோவின் இரண்டு வயர்களும் பிந்திய கார்களிற் கபிலத்தில் மஞ்சள்கோடாகவும் கபிலத்தில் பச்சைக்கோடாகவும் இருக்கும். முந்திய கார்களில் அதே இடத்தில் மஞ்சளும் மஞ்சளிற் பச்சைக்கோடும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

புதிய கட்டு வாங்குவதற்குமுன் உங்கள் காரின் ஆண்டைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் இறுதிப்பகுதி வரை மைனரில் சமிக்ஞைக்குக் கதவுத்தூணிலிருந்து வெளியே எழும் கைகளே இருந்தன. மின்னும் விளக்குகள் அதன் பின்னரே வந்தன. பழைய காருக்கு யாரோ பிற்காலத்தில் மின்னும் விளக்கைப் பொருத்தியிருந்தால், காரின் ஆண்டுக்குரிய கட்டில் அதற்கான வயர் இருக்காது. அதைக் கட்டு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இன்றும் பருத்தி நூல் பின்னிய உறையோடு சரியான நிறங்களில் முழுக் கட்டையும் செய்து விற்கிறார்கள். அந்தச் செலவு இயலாதவர்கள் வயரை வாங்கித் தாங்களே கட்டலாம். அதற்குப் பழைய கட்டை நீளப் பலகை ஒன்றின்மீது விரித்து, பிரியும் இடங்களில் ஆணி அறைந்து, அந்த ஆணிகளைச் சுற்றிப் புதியதை வளர்த்துச் செல்வதே நம்பகமான வழி. வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக்கம்பி வயரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். காரின் அதிர்வில் அது உறைக்குள்ளேயே முறிந்து, வெளியே எந்த அடையாளமும் காட்டாது. 0.30 மில்லிமீற்றர் இழைகள் 14 கொண்ட வயர் ஏறக்குறைய 8 அம்பியரையும், 28 இழை வயர் 17 அம்பியரையும், 44 இழை வயர் 25 அம்பியரையும் தாங்கும். சிறுவிளக்குகளுக்கு 14 இழை போதும், முன்விளக்குக்கு 28 இழையும் கபில முதன்மை வயருக்கு 44 இழையும் பொருத்தம்.

பின்விளக்குகளுக்குச் செல்லும் பகுதியைக் கழற்றும்போது ஒரு சிறிய உபாயம் பெரிய உதவி செய்யும். பழைய கட்டின் வாலில் உறுதியான நைலோன் கயிற்றைக் கட்டி, கட்டை முன்பக்கமாக மெதுவாக இழுத்தெடுத்தால், அது சென்ற பாதை முழுவதிலும் கயிறு தங்கிவிடும். புதிய கட்டை அந்தக் கயிற்றாலேயே பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் புதிய றப்பர் வளையத்தைப் போடுங்கள். பழைய வளையம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் காய்ந்து கல்லாகியிருக்கும், கல்லாகிய றப்பர் தகட்டின் விளிம்பைப்போலவே வயரை அறுக்கும்.

இணைப்புகளுக்கு மைனரில் 4.7 மில்லிமீற்றர் பித்தளைக் குண்டு முனைகளும் அவற்றை இருபுறமும் ஏற்கும் றப்பர் உறைக் குழல்களும் உள்ளன. வயர்களை முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவதைவிட இம்முறை பல மடங்கு மேலானது. ஏனெனில் ஒரு விளக்கு எரியாதபோது குண்டை இழுத்துச் சோதித்துவிட்டு மீண்டும் அழுத்திவிடலாம். முனைகளை ஈயத்தால் பற்றவைத்தால், ஈயம் வயரின் இழைகளூடாக ஏறி குண்டுக்கு வெளியே விறைத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விறைத்த இடத்திலேயே வயர் முறியும். அதற்குரிய இடுக்கியால் அழுத்திப் பொருத்துவதையே நான் விரும்புகிறேன். கடற்காற்றுப் படும் ஊர்களில் குழலுக்குள் சிறிதளவு வசலீன் தடவினால் பச்சை பூப்பது வெகுவாகக் குறையும்.

எர்த் இணைப்புகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் புதிய வயரிங் போட்ட பின்னரும் விளக்கு மங்கலாக எரிகிறது என்று என்னிடம் வந்த கார்களிற் பெரும்பாலானவற்றின் குறை அங்கேதான் இருந்தது. எர்த் வயரைப் பிடிக்கும் திருகாணி இறங்கும் இடத்தைப் பூச்சு நீங்கி வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, அதன் பின்னர் வெளியே பூச்சுப் பூசுங்கள். இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டியையும் புதிதாக மாற்றுங்கள். அந்தப் பட்டி அறுந்த ஒரு காரில், ஸ்ராட்டருக்குரிய மின்னோட்டம் முழுவதும் டாஷ்போட்டிலிருந்து காபரேற்றருக்குச் செல்லும் சோக் கேபிளின் வழியாகத் திரும்பிச் சென்று, கேபிள் செந்தணலாகச் சூடேறியதை நான் நேரிற் கண்டிருக்கிறேன்.

மைனர் ஆலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பலர் வயரிங் மாற்றும்போதே அதை எதிர்முனைக்கு மாற்றிவிட விரும்புகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்திற் செய்தால், தவறு ஒன்று நேரும்போது எந்த வேலையில் நேர்ந்தது என்று தெரியாமற் போகும். முதலில் இருந்தபடியே ஓடவிடுங்கள். தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கொயிலைப் புதிதாகப் போட்டு, அதில் நேர், எதிர் குறிகள் இருந்தால், நேர்முனை எர்த் உள்ள காரில் வெள்ளை வயர் எதிர்க்குறிக்கும் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டருக்குச் செல்லும் வெள்ளையிற் கறுப்புக்கோடு நேர்க்குறிக்கும் வர வேண்டும். மாறிப் போட்டாலும் இயந்திரம் ஓடும், ஆனால் தீப்பொறி வலுக்குறையும். எல்.ஈ.டி. விளக்குகளும் வானொலியும் இத்தகைய காரிற் பொருந்துமா என்பதை வாங்குமுன் விசாரியுங்கள்.

ஆலையின் வயரிங்கில் இரண்டே பியூஸ்கள் உள்ளன: ஒன்று ஹோர்ன் முதலிய எப்போதும் உயிருள்ள கருவிகளுக்கு, மற்றையது சாவியோடு உயிர்பெறும் கருவிகளுக்கு. பழைய லூக்காஸ் பியூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர் மட்டுமே. இன்று கடையிற் கிடைக்கும் 35 அம்பியர் பியூஸோ 35 அம்பியரைத் தொடர்ந்து தாங்கக்கூடியது. அதைப் போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும். முன்விளக்குகளுக்கு ஆலை பியூஸே வைக்கவில்லை. உயர்வெளிச்சத்தில் 60 வாற்று விளக்குகள் இரண்டும் சேர்ந்து 10 அம்பியர் இழுக்கின்றன. ஆகவே உயர்வெளிச்சத்துக்கும் தாழ்வெளிச்சத்துக்கும் தனித்தனியே 15 அம்பியர் பியூஸ் சேர்ப்பதை நான் அவசியமாகக் கருதுகிறேன். பழைமை மாறாதிருக்க வேண்டும் என்பவர்களும் இந்த ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொள்ளலாம். டாஷ்போட்டின் கீழ் அது கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் இணைத்த பின்னர் பற்றரியை நேரடியாகப் பூட்டிவிட வேண்டாம். பற்றரியின் எர்த் முனைக்கும் காரின் உடலுக்கும் இடையில் 21 வாற்று விளக்கு ஒன்றைத் தொடராக இணையுங்கள். அந்த விளக்கு இரண்டு அம்பியருக்கு மேல் செல்ல விடாது என்பதால், எங்கேனும் வயர் உடலிற் பட்டிருந்தாலும் எதுவும் கருகாது. எல்லாச் சுவிச்சுகளும் நிறுத்தியிருக்கையில் விளக்கு முழுப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ தொடுகை இருக்கிறது. மெல்லிய ஒளிகூட இல்லையென்றால் நல்லது. பின்பு சாவியைத் திருப்பி, ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றைப் போடும்போது சோதனை விளக்கு ஓரளவு எரிய வேண்டும். முழுப் பிரகாசம் அடைந்தால் அந்தச் சுற்றை நிறுத்திச் சோதியுங்கள். முன்விளக்கும் ஹோர்னும் மட்டும் அதிகம் இழுப்பதால் குறையின்றியே அதை நன்கு ஒளிரச் செய்யும்.

சோதனை விளக்கை அகற்றிப் பற்றரியைப் பூட்டிய பின், சாவியைத் திருப்பியதும் எஸ்.யு. பெற்றோல் பம்பு டக் டக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓய வேண்டும். சிவப்புச் சார்ஜ் விளக்கு எரிந்து, இயந்திரத்தின் வேகம் கூடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் டைனமோவின் இரு வயர்களும் மின்னேற்றத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் டி, எஃப் முனைகளில் இடம்மாறியுள்ளனவா என்று முதலிற் பாருங்கள். பிற்காலத்திற் சேர்க்கும் எந்த விளக்கையும் அந்தப் பெட்டியின் ஏ முனையில் அல்ல, ஏ1 முனையிலேயே இணையுங்கள். பாவனையின் அளவைப் பெட்டி உணர்ந்து டைனமோவைச் சீராக்க அதுவே வழி.

முதல் வாரத்தில் ஓரிரவேனும் முன்விளக்கோடு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, இறங்கியதும் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாயிருக்கும் இணைப்பு தளர்ந்த இணைப்பு. பழைய கட்டை, எழுதிய நாடாக்களோடு, ஒரு சாக்கில் கட்டி மாரிக்காலம் ஒன்று கழியும்வரை வைத்திருங்கள். மழையில் வெளிப்படும் குறை ஒன்றைத் தேடும்போது அதுவே சரியான வரைபடமாக இருக்கும்.